ஒன்பதாம் நாள் தூக்கிய நகங்கள்

செர்வாவின் இரண்டு கைகளையும் விளக்கின் கீழ் இழுத்துவைத்து, "இதுதான் நீ ஒட்டின லட்சணமா?" என்று கேட்டாள் கொனாது.

காத்திருந்த மூன்று பெண்களும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

நகம் ஒட்டிக்கொடுத்த தூஃபி அந்தக் கைகளை வாங்கிக்கொண்டாள். ஒன்பது நாள்தான் ஆகிறது. ஆறு விரல்களில் அக்ரிலிக் நகம் சொந்த நகத்தை விட்டுத் தூக்கிக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை செர்வாவுக்கு நிச்சயதார்த்தம். கொனாது மாப்பிள்ளையின் தாய். கானாவின் குமாசி நகரச் சந்தையில் பெரிய துணிக்கடை வைத்திருப்பவள். மோதிரம் போடும்போது இரண்டு குடும்பத்தின் கண்ணும் இந்த விரல்களில்தான் இருக்கும் என்று பொரிந்து தள்ளினாள்.

நகம் எந்த இடத்தில் தூக்கியிருக்கிறது என்று பார்த்தாலே தவறு யாருடையது என்று தூஃபிக்குத் தெரிந்துவிடும். தோலை ஒட்டிய அடிப்பக்கத்தில் தூக்கினால் ஒட்டியவளின் தவறு. நகத்தின் மேல் படர்ந்திருக்கும் மெல்லிய தோலைச் சுரண்டாமல் விட்டிருப்பாள், அல்லது எண்ணெய்ப் பசையைச் சரியாகத் துடைத்திருக்க மாட்டாள்.

செர்வாவின் நகங்கள் அடியில் அசையவே இல்லை. நுனியிலும் ஓரங்களிலும்தான் விட்டிருந்தன. விரல் நுனிகள் ஊறிச் சுருங்கிக் கிடந்தன. அரத்தால் ஒருமுறை தேய்த்ததும் ப்ளீச்சிங் வாடை மெல்ல எழுந்தது.

ஒரு விடுதியின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து சாவி கொடுக்கிற வேலை என்று செர்வா சொல்லியிருந்தாள். மாமியார் வீட்டிலும் அப்படித்தான் சொல்லிவைத்திருந்தாள்.

சாவி கொடுக்கிற கை இப்படி ஊறாது. நாள் முழுக்க விடுதியின் படுக்கை விரிப்புகளை வெளுக்கிற கை இது.

தூஃபி நிமிர்ந்தாள். செர்வாவின் கண்கள் அவள் முகத்திலேயே நின்றன.

'கர்த்தரின் பொறுமை' என்று வாசலில் எழுதிய இந்தத் தகரக் கடையைத் திறந்து நான்கு மாதம் ஆகிறது. வருகிறவர்கள் எல்லோரும் ஒருத்தி சொல்லி இன்னொருத்தியாக வந்தவர்கள். உண்மையைச் சொன்னால் கடையின் பெயர் பிழைக்கும். இந்தப் பெண் மாமியார் முன்னால் கூனிக்குறுகிப்போவாள்.

பொய் சொல்லவும் தூஃபிக்கு வாய் வரவில்லை. தன் மேல் ஏதாவது ஒரு தவறு இருக்காதா என்று மனதுக்குள் தேடினாள். கிடைத்தது. அன்றைக்கு இந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தும், தண்ணீரில் கை வைக்கும்போது கையுறை போட்டுக்கொள் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"தப்பு என்னோடதும்மா. அன்னைக்குச் செய்யவேண்டிய ஒண்ணைச் செய்யாம விட்டுட்டேன்."

காத்திருந்தவர்களில் ஒருத்தி பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். கர்த்தருக்குப் பொறுமை இருக்கலாம், தனக்கு இல்லை என்று சொல்லிவிட்டுப் போனாள். மற்ற இருவரும் சிரித்தார்கள்.

தூஃபி பழைய நகங்களை ஊறவைத்துக் கழற்றினாள். தோலை ஒதுக்கினாள். பளபளப்புப் போகத் தேய்த்து, ஈரம் உறிஞ்சும் மருந்தைத் தடவிக் காயவிட்டாள். அக்ரிலிக் மாவைக் குழைத்து, தோலில் படாமல் ஒரு மயிரிழை தள்ளியே வைத்தாள். நீளத்தைப் பாதியாகக் குறைத்தாள். வேலை செய்கிற கையில் குட்டை நகம்தான் நிற்கும். இப்போது இதுதான் நாகரிகம் என்று மட்டும் செர்வாவிடம் சொன்னாள்.

முடிந்ததும், நகத்துக்குப் பூசும் எண்ணெய்ச் சீசாவோடு ஒரு ஜோடி ரப்பர் கையுறையையும் சுருட்டி அவள் பைக்குள் செருகினாள்.

குடிக்கத் தண்ணீர் வாங்கி வரும்படி கொனாது செர்வாவை வெளியே அனுப்பினாள். பிறகு அந்த நாற்காலியில் தானே உட்கார்ந்து கைகளை நீட்டினாள். தங்க வளையல்களுக்குக் கீழே இருந்த விரல் நுனிகளில் ரேகை என்று ஒன்றுமே இல்லை. கூழாங்கல் போல வழவழத்தன.

மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் பேசினாள்.

"நீ அவ பையில போட்டது பத்து நாள்ல கிழிஞ்சிடும். தடிச்சதா, முழங்கை வரைக்கும் வர்றதா பார்த்துக் குடு. பதினோரு வருஷம் ஆஸ்பத்திரித் துணி வெளுத்தவ சொல்றேன்."

தூஃபி அந்த வழவழத்த விரல் நுனிகளை மறுபடி பார்த்தாள்.

முதல் நாள் செர்வா கைகுலுக்கியபோதே அவள் துணி வெளுக்கிறவள் என்று தனக்குத் தெரிந்துவிட்டது என்றாள் கொனாது. இன்றைக்குப் பழியை அந்தப் பெண்ணின் மேல் விழாமல் வேறு எங்கேயாவது இறக்கிவைக்க வேண்டியிருந்தது, அது உன் தலையில் விழுந்துவிட்டது, மனதில் வைத்துக்கொள்ளாதே என்றாள். எழுந்துபோனவளுக்குப் பதிலாக நாளைக்குத் தன் வீட்டிலிருந்து ஐந்து பேர் வருவார்கள் என்றும் சொன்னாள்.

வாசலில் நிழல் தட்டியது. தண்ணீர்ப் பாக்கெட்டுகளோடு செர்வா உள்ளே வந்தாள்.

கொனாதுவின் குரல் சட்டென்று உயர்ந்தது.

"இதாவது சனிக்கிழமை வரைக்கும் நிக்குமா?"

"நிக்கும்மா," என்று தலையைக் குனிந்துகொண்டாள் தூஃபி.