இடது கை ரூபன்

எங்கள் கல்லூரியில் வருகைப்பதிவு எடுப்பது மேசைதான். உள்ளங்கையை வைத்தால், தோலில் குடியிருக்கும் கிருமிக் கூட்டத்தைப் பார்த்து ஆளைச் சொல்லிவிடும்.

ஆகவே என் நண்பன் ரூபனின் கூட்டத்தை என் இடது கையில் குடிவைத்தேன். தினமும் அதற்குத் தீனியான கிரீமைத் தடவி வளர்த்தேன். வலது கையை வைத்தால் நான், இடது கையை வைத்தால் ரூபன். அவன் கிரிக்கெட் ஆடப் போனான்.

போன வாரம் காய்ச்சலுக்குக் கொடுத்த மருந்தில் அவன் தோலிலிருந்த கூட்டம் மொத்தமும் செத்தது. உடம்பெல்லாம் புண். கிரீம் தடவியும் பலனில்லை. ஆளில்லாத ஊரில் பந்தி போட்டு என்ன பயன்?

"அவனோட பழைய கிருமி கொஞ்சம் கிடைச்சாப் போதும்மா, பத்து நாள்ல தேத்திடலாம்" என்றார் டாக்டர். அவன் அம்மா அழுதார்.

நான் மூன்றாவது நாளாக ஆஸ்பத்திரியில் அவன் கட்டிலருகே இடது கையைப் பாக்கெட்டுக்குள் விட்டபடி நின்றேன். வெளியே எடுத்தால் கள்ள வருகை அம்பலமாகி, இருவருக்கும் படிப்பில் ஒரு வருடம் போய்விடும்.

பழக்கூடையோடு துறைத்தலைவர் வந்தார். "தங்கமான பையன்ம்மா. காய்ச்சல் வர்ற வரைக்கும் ஒருநாள்கூட லீவு போடல."

ரூபன் என்னைப் பார்த்து, வேண்டாம் என்று தலையசைத்தான். அசைத்ததில் கன்னத்துத் தோல் தலையணையில் உதிர்ந்தது.

கையை வெளியே எடுத்து நீட்டினேன்.

"டாக்டர், இது அவன் கைதான்."

அவன் அம்மா அதை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். துறைத்தலைவர் பழக்கூடையைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.