தள்ளி உட்காரும் பிள்ளைகள்

“டீச்சர், இங்கனயும் எம்புள்ளய ஒதுக்குறாகன்னா சொல்லிருங்க. நாளையோட நிப்பாட்டிருறேன்.”

ராமுத்தாய் சத்தம் போடவில்லை. அதுதான் கற்பகவல்லி டீச்சருக்குத் தாங்க முடியாமல் இருந்தது. சண்டைக்கு வந்திருந்தாலாவது பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருக்கலாம்.

போன வருஷம் ஒரு வெடி விபத்தில் முகத்தின் ஒரு பக்கமும் கழுத்தும் வெந்து பிழைத்த பிள்ளை வேல்விழி. பெற்றவள் பிழைக்கவில்லை. சித்தி ராமுத்தாய்தான் ஏழாயிரம்பண்ணைப் பக்கமிருக்கும் தன் ஊருக்குக் கூட்டிவந்து, ஆடு மேய்க்கிற வருமானத்தில் வளர்க்கிறாள். பழைய பள்ளிக்கூடத்தில் பேய், பேய் என்று கூப்பிட்டே படிப்பை நிறுத்த வைத்துவிட்டார்கள். இங்கே நாலாம் வகுப்பில் சேர்ந்து பத்து நாள்தான் ஆகிறது. அதற்குள் இந்தப் பேச்சு.

இன்று ஒரு நாள் மட்டும் பொறுத்துக்கொள்ளச் சொல்லி ராமுத்தாயை அனுப்பி வைத்தாள் கற்பகவல்லி. சொல்லிவிட்டாளே தவிர, என்ன செய்யப் போகிறாள் என்று அவளுக்கே தெரியாது.

விருதுநகரில் ஆசிரியர்களுக்கு நடந்த பயிற்சியில் சொல்லிக் கொடுத்ததை எல்லாம் ஏற்கெனவே செய்து பார்த்தாயிற்று. பல தேசத்துக் குழந்தைகள் சேர்ந்து சிரிக்கும் பெரிய படத்தைச் சுவரில் ஒட்டினாள். நிறமும் மூக்கும் முடியும் ஆளுக்கு ஆள் வேறாக இருப்பதுதான் அழகு என்று தொண்டை வறளப் பாடம் நடத்தினாள். பிள்ளைகள் ஒரே குரலில் ஆமா டீச்சர் என்றார்கள். சொன்ன கையோடு வேல்விழியை விட்டு ஒரு பெஞ்சு தள்ளிப் போய் உட்கார்ந்தார்கள்.

அதிலும் எல்லாரும் தள்ளிப் போனால் தேவலை. காடு கரை உழுது பிழைக்கிற சம்சாரி வீட்டுப் பையன் அழகுராஜா மட்டும் வேல்விழியின் பக்கத்திலேயே இருந்தான். அவனைப் பார்த்துக் கற்றுக்கொள்ளச் சொன்னாள். ம்ஹும். விலகிப் போனதெல்லாம் பட்டாசுக் கம்பெனி வேலைக்குப் போகிறவர்கள் வீட்டுப் பிள்ளைகள். தெருவுக்கு நாலு தழும்பைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இவள் முகம் மட்டும் என்ன அதிசயம்?

சரி, வெறுப்பு என்று வைத்துக்கொள்ளலாம் என்றால் அதுவும் இடித்தது. எட்ட உட்காருகிற சினேகாதான், வேல்விழி கணக்கில் முழிக்கும்போது அங்கிருந்தே விரலைக் காட்டி விடை சொன்னாள். வாலில்லாத குறையாகத் திரியும் புகழேந்தி தினமும் சாயந்தரம் வாசலில் நின்று, நாளைக்கும் வந்துரணும் என்று வேல்விழியிடம் கத்திவிட்டுத்தான் போனான். பின்னே எதற்கு இந்த விலகல்? கேட்டால் சினேகா தரையைப் பார்ப்பாள். புகழேந்தி சினேகாவைப் பார்ப்பான். வேல்விழி சேர்ந்த முதல் நாள், பட்டாசு வீட்டுப் பையன் பாண்டியைப் பிடித்து அவள் பக்கத்தில் உட்கார வைத்ததும் அவள் உடம்பு உதற அழுதாள். கிள்ளியிருப்பான் என்று பாண்டியின் காதைத் திருகியதுதான் மிச்சம். கற்பகவல்லிக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

வகுப்புக்குள் போனதும் கறாராகச் சொல்லிவிட்டாள்.

“மத்தியானம் சாப்பிட்டதும் எல்லாரும் வட்டமா நின்னு கை கோத்து விளையாடப் போறோம். வேல்விழியும் உங்களோட நிப்பா. அவ கையைப் பிடிக்க மாட்டேங்கிறவங்க நாளைக்கு அப்பாவைக் கூட்டிட்டு வாங்க.”

சினேகா மட்டும் மெல்ல எழுந்தாள்.

“தீவாளி முடிஞ்சதும் கோத்துக்கிடுறோம் டீச்சர்.”

தீபாவளிக்கு இன்னும் பதினைந்து நாள் இருந்தது. அதற்கும் கை கோர்ப்பதற்கும் என்ன சம்பந்தம்? இது கிண்டலா, கெஞ்சலா என்றுகூடத் தெரியவில்லை. அதட்டி உட்கார வைத்தாள்.

சத்துணவு முடிந்து மைதானத்துக்கு வந்தால், நடுவெயிலில் வேல்விழியும் அழகுராஜாவும் மட்டும் நின்றார்கள். மற்ற பிள்ளைகள் எல்லாம் குழாயடியில். சத்துணவு அடுப்புச் சாம்பலை அள்ளிக் கைகளில் போட்டு அப்படித் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். சினேகாவுக்கு உள்ளங்கை ரத்தமாகச் சிவந்திருந்தது.

தொட்ட தீட்டைக் கழுவுகிறார்கள். கற்பகவல்லிக்கு அப்படித்தான் தோன்றியது. பத்து நாளாக அடக்கி வைத்திருந்த கோபம் கண்ணீராக முட்டிக்கொண்டு வந்தது. இந்தப் பிஞ்சு வயதில் இவ்வளவு விஷமா?

“தொட்டா ஒட்டிக்குமா? அவ பட்டது போதாதா?” என்று சினேகாவின் கையைப் பிடித்து இழுத்தாள்.

சினேகா விம்மினாள். “இன்னும் தொடல டீச்சர். தொடத்தான் களுவுறோம். தீவாளி வரைக்கும் விடிய எந்திரிச்சு வீட்ல வெடிக்குத் திரி சொருகிட்டு வாறோம். வெளிய சொன்னா ஆபீசர் வந்து அம்மாவப் பிடிச்சிட்டுப் போயிருவாக. இந்த வெடிமருந்து வாடை பட்டா வேல்விழிக்கு மேலெல்லாம் நடுங்குது டீச்சர்.”

சொல்லிவிட்டு, சிவந்த உள்ளங்கைகள் இரண்டையும் டீச்சரின் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

“போயிருச்சான்னு மோந்து பாருங்க டீச்சர்.”