வாசல் தாண்டிய செருப்பு

வசுமதி வீட்டு வாசலில் கிடந்த இடது செருப்புக்கு ஒரே ஓர் ஏக்கம். அவள் காலோடு ஊரெல்லாம் சுற்றியிருக்கிறது. சொந்த வீட்டுக்குள் மட்டும் ஒரு நாளும் போனதில்லை.

“எனக்கும் அதே கதைதான்,” என்றது தினமும் அங்கே எட்டிப் பார்க்கும் தெருநாய். “படி ஏறினாலே ‘ச்சீ போ’ன்னு விரட்டுறாங்க. வா, ரெண்டு பேருமாப் போய்ப் பார்த்துடலாம்!”

செருப்பு யோசிப்பதற்குள் நாய் அதைக் கவ்விக்கொண்டு உள்ளே பாய்ந்தது. அடேயப்பா! ஹாலைச் சுற்றி, சோபாவில் ஏறிக் குதித்து, சாமி ரூம் வரைக்கும் ஒரே ஓட்டம். “ஐயோ, செருப்பு! ஐயோ, நாய்!” என்று வீடே பின்னால் ஓடியது. துரத்திய வசுமதிக்குச் சிரித்துச் சிரித்து மூச்சே வாங்கிவிட்டது. ஒருவழியாக இரண்டையும் வாசலுக்குத் தள்ளியவள், நாய்க்கு ஒரு தோசையும் கொண்டுவந்து வைத்தாள்.

“உள்ளே எப்படி இருக்கு? சொல்லேன்!” என்று துடித்தது வலது செருப்பு.

“அதை ஏன் கேக்குற! ஒருத்தர் காலிலும் செருப்பே இல்லை,” என்றது இடது.

“வாலும் இல்லை,” என்றது நாய், தோசையை மென்றபடி. “பாவம், இனிமே நாமதான் அவங்களைப் பார்த்துக்கணும்.”