குறுக்குப் பாதை

மூன்றாவது கம்பியை வெட்டும்போது குறடு வழுக்கி விரலைக் கிழித்தது. தையல்காரர் விரலை வாயில் வைத்துக்கொண்டே இரண்டு பக்கமும் பார்த்தார். விடிந்தும் விடியாத நேரம், ஓர் ஈ காக்கை இல்லை.

ஐம்பத்தைந்து வயதில் இப்போதுதான் முதல் திருட்டுத்தனம்.

வேலியும் பெரிய வேலி இல்லை. பாதையின் வாயை அடைத்து நாலு கழி, மூன்று கம்பி, அவ்வளவுதான். கழியோடு கம்பியைச் சேர்த்துக் கட்டியிருந்ததுகூடக் கண்ணாடி நிறத்தில் ஏதோ ஒரு மெல்லிய பிளாஸ்டிக் குழாயால். 'இத்தனை நிலம் இருக்கு, கட்டுக்கம்பி வாங்க மனசில்லை பார்!' என்று நிலத்துக்காரரைத் திட்டியபடி அதையும் அறுத்துப் போட்டார்.

உண்மையில் அவருக்குக் கோபம் தன் மேல்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிளில் சுற்றி, போன் வரைபடத்தில் இல்லாத தெருக்களையும் ஒற்றையடிப் பாதைகளையும் சும்மா ஆசைக்காக ஏற்றிவிடுகிற கூட்டத்தில் அவரும் ஒருவர். எட்டு மாதத்துக்கு முன் இந்த வயல் வழியாகப் போன குறுக்குப் பாதையை ஏற்றியது அவர்தான்.

ஏற்றிய அழகையும் கேளுங்கள். சைக்கிள் போன வழி திரையில் கோடாக விழுந்தபோது, நடுவில் தொப்பை தள்ளினாற்போல ஒரு வளைவு. கோணல் தையலைக் கண்டால் பிரித்துத் தைக்காமல் அவருக்குச் சோறு இறங்காது. இழுத்து நேராக்கிவிட்டுத்தான் ஏற்றினார். கூட்டத்தில் எல்லாரும் பாராட்டினார்கள்.

போன மாதம் இந்தப் பக்கம் வந்தபோது, வீடு வீடாகப் போய் ஊசி போடும் நர்சம்மா தார்ச்சாலையில் வேர்த்து விறுவிறுத்து நடந்துகொண்டிருந்தார். "குறுக்குப் பாதையில போகலாமேம்மா?" என்று கேட்டார் தையல்காரர். "அடைச்சாச்சுங்க. இனிமே மூணு கிலோமீட்டர் சுத்துதான்" என்று சொல்லிவிட்டு நிற்காமல் போய்விட்டார் அந்த அம்மா.

அன்றைக்குப் பிடித்தது உறுத்தல். தன் பாட்டுக்குக் கிடந்த பாதை. வரைபடத்தில் ஏறப்போய்த்தானே நிலத்துக்காரர் கண்ணில் பட்டு அடைபட்டது? வெளியூரில் இருந்த அவருக்கு வேலியை எடுக்கச் சொல்லிக் கடிதம் போட்டார், பதில் இல்லை. மாதம் முழுக்கத் தைத்த சட்டைகளில் பாதி அளவு தப்பி, வாடிக்கைக்காரர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். கடைசியில் குறட்டை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு சைக்கிளை மிதித்துவிட்டார்.

"யாருங்க அங்க?"

சாலையில் நர்சம்மா, தோளில் மருந்துப் பையோடு. கையும் களவுமாக மாட்டிக்கொண்டவர் குறட்டை மறைக்கக்கூட முயலவில்லை. யாரிடமாவது கொட்டித் தீர்க்கத்தான் ஒரு மாதமாகத் தவித்துக்கொண்டிருந்தார்.

"நான்தாம்மா இந்தப் பாதைய போன்ல ஏத்துனவன். என்னாலதான் நீங்க தினமும் சுத்துறீங்க. மனசு கேக்கல, அதான் வெட்டி விட்டுட்டேன். இனிமே நேராப் போங்க."

நர்சம்மா முகம் மலரும் என்று எதிர்பார்த்தார். அந்த அம்மாவோ பையைக் கீழே வைத்துவிட்டு, "அந்தப் படத்தக் காட்டுங்க" என்றார்.

காட்டினார். நூல் பிடித்தாற்போலக் கோடு.

"நடுவுல வளைஞ்சுல்ல போகும்?"

"பாக்க அசிங்கமா இருந்துச்சும்மா. நான்தான் நேராக்குனேன்."

நர்சம்மா வயலின் நடுவைக் காட்டினார். அங்கே வட்டமாக, பச்சைப் பசேலென்று கொடி மண்டிக் கிடந்தது. "அதுக்கு அடியில பாழுங்கிணறுண்ணே. சுவரெல்லாம் இடிஞ்சு தரையோட தரையாக் கெடக்கு. இங்க இருக்கறவங்களுக்குத் தெரியும், சுத்திக்கிட்டுப் போவோம்."

அந்த வளைவில் சைக்கிளை மிதித்தபோது தன் கண் முழுக்கப் போன் திரையிலேயே இருந்தது தையல்காரருக்கு நினைவு வந்தது.

"எம் மருமக ஊருக்குப் புதுசு. நான் மறந்து வச்சுட்டுப் போன மூக்குக்கண்ணாடியக் குடுக்கலாம்னு இந்த வழியா வந்திருக்கா. மழைக்கு அப்புறம் பாதையப் புல்லு மூடிக் கெடந்துச்சு. போன்ல கோடு நேராப் போச்சு, அவளும் நேராப் போயிட்டா." நர்சம்மா குரல் உயரவே இல்லை. "நாலு மாசம் ஆச்சுண்ணே. இடுப்புல கட்டோட படுத்திருக்கா. இன்னும் எந்திரிச்சு நிக்கல."

செய்த தப்பை ஒப்புக்கொள்ள வந்தவர், எந்தத் தப்பு என்றே தெரியாமல் வந்திருக்கிறார். மன்னிப்புக் கேட்கலாம் என்றால், இதற்கு எந்த வாயால் கேட்பது?

"அப்ப... நிலத்துக்காரர் அதுக்கப்புறம்தான் வேலி போட்டாராம்மா?" என்று எப்படியோ கேட்டுவிட்டார்.

"அவரா? கெணத்த மூடச் சொல்லி நானும் எத்தனையோ கடுதாசி போட்டுப் பாத்துட்டேன்."

நர்சம்மா குனிந்து, அறுந்து கிடந்த கம்பிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார்.

"இது நான் கட்டுன வேலிண்ணே."