கொடியில் ஒரு வெள்ளைச் சேலை

போலீஸ்காரர் மாடத்தியை ஸ்டேஷனுக்குக் கிளம்பச் சொன்னார்.

இடுப்பில் இருந்த கைக்குழந்தையை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றாள் அவள். குற்றாலத்தில் சீசனுக்கு எடுத்திருந்த அந்தப் பங்களாவில் பாத்திரம் துலக்க வந்தவள்.

பெட்டியில் இருந்த பொன்வளையல் ஜோடியைக் காணவில்லை. காலையில் எல்லோரும் பேரருவிக்குக் குளிக்கப் போனபோது வீட்டில் இருந்தவள் மாடத்தி ஒருத்திதான். பங்களாவை எடுத்திருந்த தில்லைநாயகம் பிள்ளைக்கு அதற்கு மேல் யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை.

அவருடைய இளைய மகள் முத்துவடிவுக்கு இருந்தது. வயது பதினைந்து. தலையணைக்கு அடியில் துப்பறியும் நாவலை வைத்துக்கொண்டு தூங்குகிறவள். வந்த நாளிலிருந்து பால்காரரைக்கூடச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தாள்.

அந்த வளையல்களை நாளைக்குத் தென்காசி ஆசாரியிடம் கொடுத்து அழித்து, தையில் வரும் அவள் கல்யாணத்துக்குப் புது நகை செய்வதாக ஏற்பாடு. ஆகவே இது தன்னுடைய வழக்கு என்று அவளாகவே முடிவு செய்துகொண்டாள்.

கொல்லையில் துணிக்கொடியைப் பார்த்தபோதுதான் துப்பு கிடைத்தது.

மலையில் நல்ல மழை. காலையில் அருவி செம்மண்ணைக் கரைத்துக்கொண்டு விழுந்தது. அப்பாவின் வேட்டி பண்டாரத்தின் காவி வேட்டி மாதிரி ஆகியிருந்தது. அம்மாவின் சேலையும் முத்துவடிவின் தாவணியும் சாயத்துணி என்பதால் கறை தெரியவில்லை.

பக்கத்தில் ஒரு வெள்ளைச் சேலை. சொட்டச் சொட்ட ஈரம். ஆனால் பளிச்சென்று இருந்தது.

அருவியில் நனைந்த சேலை இல்லை, கிணற்றடியில் நனைந்தது. கண்டுபிடித்துவிட்டோம் என்று மனசு துள்ளியது.

துள்ளி முடிப்பதற்குள் அது யாருடைய சேலை என்பது உறைத்தது. அந்த வீட்டில் வெள்ளைச் சேலை கட்டுகிறவள் அக்கா பாலம்மாள் மட்டும்தான்.

சகுனத்துக்கு ஆகாதென்று அக்காவை எப்போதும் கடைசியில், தள்ளித்தான் நடக்கச் சொல்வார்கள். பாதி வழியில் அவள் திரும்பிப் போனது அதனால்தான் ஒருவருக்கும் தெரியவில்லை. அப்புறம் ஈரத்தலையோடு வந்தவளை யாரும் எதுவும் கேட்கவில்லை.

இப்போதும் அவள் எல்லோருக்கும் பின்னால், முந்தானைக்குள் கைகளை வைத்துக்கொண்டு அடுக்களைச் சுவரோடு நின்றாள். மாடத்தி போவதைப் பார்த்துக்கொண்டு இப்படி வாயை மூடி நிற்கிறாளே என்று முத்துவடிவுக்கு ஆத்திரம் வந்தது. அக்கா என்றால் அவளுக்கு உயிர். ஆனாலும் அங்கே மாடத்தி குழந்தையை யாரிடமாவது கொடுக்கத் தேடிக்கொண்டிருந்தாள்.

“மாடத்திய விட்ருங்கப்பா. அக்கா அருவிக்கே வரல. அவ சேலையப் பாருங்க.”

நாவலில் என்றால் இந்த இடத்தில் எல்லோரும் மூக்கில் விரலை வைப்பார்கள். இங்கே அம்மா போய் அக்காவின் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

இரண்டு கைகளிலும் வளையல்கள் இருந்தன. மணிக்கட்டு வீங்கியிருந்தது. சோப்பும் எண்ணெயும் போட்டு இழுத்துப் பார்த்ததில் புறங்கைத் தோல் உரிந்து ரத்தம் கசிந்தது.

அவை பாலம்மாளின் கல்யாணத்துக்குச் செய்தவை. பதினோரு வயதில் போட்டு, பன்னிரண்டு வயதில் கழற்றி வாங்கியவை.

அவள் அப்பாவைப் பார்க்கவில்லை, அம்மாவையும் பார்க்கவில்லை. தங்கையிடம்தான் சொன்னாள்.

“அழிக்கதுக்கு முந்தி ஒரு தடவ போட்டுப் பாத்துட்டு வச்சிருவோம்னு நெனச்சேன்ட்டி. கை வளந்துட்டு.”