கட்டைமேல் நிற்கும் கார்

நான்காவது நாளாக சௌம்யா மேடம் என் டயர் கடையில் இரண்டு மாடல் டயர்களுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தார்.

காரும் நான்கு நாளாக நிற்கிறது. சக்கரங்களைக் கழற்றி, கீழே கட்டை கொடுத்து வைத்திருக்கிறேன். பொம்மசந்திராவில் என் கடைக்குள் இரண்டு கார்தான் நிற்கும். அதில் ஒரு இடம் இவர்களுக்கே போய்விட்டது.

டயர் வாங்க வருகிறவர்களைப் பற்றி எனக்குத் தெரியாதா. நாலு வீடியோ பார்த்துவிட்டு வந்து எனக்கே பாடம் எடுப்பார்கள். ஆனால் இப்படி ஒருவரைப் பார்த்ததில்லை. ஈரத்தில் பிரேக் அடித்தால் எத்தனை மீட்டரில் நிற்கும், சத்தம் எவ்வளவு, எந்த வாரம் தயாரானது, எல்லாவற்றையும் போனில் கட்டம் போட்டு எழுதி வைத்திருந்தார்.

இரண்டுமே வேகமாக ஓட்டுகிறவர்களுக்கான ஆல் சீசன் டயர். பெங்களூரில் சீசன் என்ன பெரிய சீசன்? மழை வரும். வராத நாளில் தண்ணீர் லாரி சிந்திவிட்டுப் போகும்.

இடது பக்கம் இருப்பது ஈரத்தில் இரண்டரை மீட்டர் முன்னாலேயே நிற்கும், ஆனால் சீக்கிரம் தேயும். வலது பக்கம் இருப்பது சத்தமே போடாமல் அறுபதாயிரம் கிலோமீட்டர் உழைக்கும். இதை நாற்பது முறையாவது சொல்லியிருப்பேன்.

மேடம் பயப்படுவதிலும் நியாயம் இருந்தது. பத்து நாள் முன்பு மழையில், மேம்பாலத்திலிருந்து இறங்கும்போது கார் தடுப்புச் சுவரில் போய் இடித்திருக்கிறது. ஓட்டியது அவர் கணவர் அஷ்வத் சார். பின் சீட்டில் ஏழு வயது மகள் தர்ஷினி. நெற்றியில் நான்கு தையலோடு போயிற்று.

பம்பரை மாற்றிய கையோடு சார் காரை என்னிடம் விட்டுவிட்டுப் போனார். எந்த டயர் என்று முடிவு செய்யும் வேலையை மேடம்தான் கேட்டு வாங்கிக்கொண்டார்.

"எதப் போட்டாலும் பாப்பா சேஃப்பா போகும் மேடம். இன்னைக்கு ஒண்ணு சொல்லிடுங்க," என்றேன், கொஞ்சம் கடுப்பாகவே.

மேடம் டயரின் பள்ளத்தில் விரலை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"எதுவும் போடாதீங்க அண்ணா. வண்டி இப்படியே நிக்கட்டும்."

அப்புறம்தான் சொன்னார். அன்று கார் வழுக்கவே இல்லை.

சுவரில் மோதுவதற்கு முன்பே சாரின் கண்கள் மேலே செருகி, கை வெட்டி வெட்டி இழுத்திருக்கிறது. மேடம் பக்கத்து சீட்டிலிருந்து பார்த்திருக்கிறார். சாருக்கு ஒன்றும் நினைவில்லை. டாக்டர் வலிப்பு என்கிறார், ஆறு மாதம் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது என்கிறார். தலையில் ஒயர் ஒட்டி எடுத்த டெஸ்டில் எதுவும் வரவில்லை என்பதால் சார் அதை நம்பவில்லை. மாமியார் தன் மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறார். வலிப்பு என்ற பேச்சே வீட்டைத் தாண்டிப் போகக் கூடாது என்று மேடத்திடம் சத்தியம் வாங்கியிருக்கிறார்.

கார் வந்தால் தினமும் காலையில் பாப்பாவைப் பள்ளிக்கூடத்தில் விடுவது சார்தான்.



முதல் நாள் சார் வந்தபோது, பழைய டயரை இரண்டு தட்டு தட்டி, உச்சுக் கொட்டி, ரோட்டைப் பிடிக்கிற பட்டன் தேய்ந்துவிட்டது, அதனால்தான் வழுக்கியது என்று சொன்னது நான். எல்லோரிடமும் சொல்வதுதான். அப்படிச் சொன்னால்தான் புது டயர் போகும். அந்த டயர்கள் இன்னும் இருபதாயிரம் கிலோமீட்டர் தாராளமாக ஓடும்.

மேடத்திடம் அதைச் சொல்லத் தைரியம் வரவில்லை. எத்தனை மாதம் வேண்டுமானாலும் வண்டி நிற்கட்டும் என்று மட்டும் சொன்னேன்.

அப்போது ஒரு ஆட்டோ வந்து நின்றது. அஷ்வத் சார் மகளின் புத்தகப் பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கினார். பாப்பாவின் நெற்றியில் இன்னும் பிளாஸ்திரி இருந்தது. நல்ல மனிதர். கெட்டவராக இருந்திருந்தால் கடையைவிட்டுப் போகச் சொல்லியிருப்பேன்.

அரை நிமிடத்தில் முடிவு செய்தார். ஈரத்தில் முன்னால் நிற்கிற டயர்.

பழைய டயரே நன்றாக இருக்கிறது, ஆறு மாதம் கழித்து மாற்றலாம் என்றேன். இருபது வருட வியாபாரத்தில் நான் சொல்லாத சொல். அலைன்மென்ட் மெஷின் ரிப்பேர் என்றும் சொல்லிப் பார்த்தேன். அவர் எதிரில் இருந்த இன்னொரு டயர் கடையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"டாக்டர் என்னென்னமோ சொல்றாரு, இவளும் அதையே புடிச்சிக்கினு இருக்கா. பாத்த ஒடனே டயர்தான்னு கரெக்டா சொன்னது நீங்க ஒருத்தர்தான்."

மேடம் திரும்பி என்னைப் பார்த்தார்.  ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அன்று விற்பதற்காகப் பொய் சொன்னேன் சார் என்று சொல்லியேவிட்டேன். சார் என்னையும் மேடத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மனைவியிடம், கடைக்காரருக்கும் சொல்லிக்கொடுத்துப் பேச வைத்துவிட்டாயா என்று செல்லமாகக் கேட்டார்.

முக்கால் மணி நேரத்தில் நான்கு டயரும் ஏறிவிட்டன. வேண்டுமென்றே மெதுவாகத்தான் செய்தேன்.

பாப்பாவை ஆட்டோவில் கூட்டி வருகிறேன் என்றார் மேடம். அதற்குள் பாப்பா பின் சீட்டில் ஏறி, தானே பெல்ட்டைப் போட்டுக்கொண்டாள். மேடம் முன் சீட்டில் போய் உட்கார்ந்தார்.

சார் எனக்குக் கைகாட்டிவிட்டு காரை ஹோசூர் ரோட்டுக்குத் திருப்பினார். கண்ணாடி வழியாக உள்ளே தெரிந்தது. மேடத்தின் வலது கை ஹேண்ட் பிரேக்கின் மேல் இருந்தது.