நாலு மணி டப்பா

"இது மனுஷன் தின்கிற சாப்பாடா அண்ணி?"

மகள் பிறந்த வீட்டுக்கு வந்து இறங்கி அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அதற்குள் சண்டைக்கு நின்றுவிட்டாள்.

அண்ணியின் கையில் ஒரு பிளாஸ்டிக் டப்பா. உள்ளே கேரட், வெள்ளரிக்காய், முட்டைக்கோஸ், முளைகட்டிய பயறு. எல்லாம் பச்சை. உப்பில்லை, தாளிப்பில்லை.

"இயற்கை உணவும்மா. அடுப்புல வெச்சா சத்தெல்லாம் போயிடும். மாமாவுக்குத் தினம் நாலு மணிக்கு இதான். உடம்புக்கும் நல்லது, மனசுக்கும் நல்லது."

"சுகருக்குன்னா பாகற்காய்தானே வெப்பாங்க? அதக் காணோம்?"

"வெச்சுப் பார்த்தேன். அது மட்டும் அப்படியே திரும்பி வந்துடுது."

அப்பா டப்பாவை வாங்கிக்கொண்டு மகளை ஒரு பார்வை பார்த்தார். கல்லும் கரைந்துவிடும்.

"வீட்டுக்குள்ள வெச்சு இதத் திங்க முடியலம்மா. காத்தாட எங்கயாவது உட்கார்ந்து முழுங்கிட்டு வந்துடறேன்."

"உங்களுக்கு இப்படி ஒரு நிலைமையா அப்பா!"

"விடும்மா. எல்லாம் என் தலையெழுத்து" என்றபடி செருப்பை மாட்டினார். அடுத்தவர் பரிதாபப்படுவது அவருக்கு எப்போதுமே பிடித்த தீனி.

அப்பா ஓய்வுபெற்ற லிஃப்ட் ஆபரேட்டர். முப்பத்து நாலு வருஷம் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே பன்னிரண்டு மாடி ஏறி இறங்கியவர். ஆறு மாதத்துக்கு முன் டாக்டர், "தினமும் ஒரு மணி நேரம் நடங்க. இல்லேன்னா அடுத்த தடவை இன்சுலின் ஊசிதான்" என்றார்.

"நடக்கிறதுக்காகவா டாக்டர் லிஃப்ட் கண்டுபிடிச்சாங்க?" என்று கேட்டுவிட்டு வந்தார் இவர்.

மகன் வாங்கிக் கொடுத்த புது ஷூ அட்டைப்பெட்டியை விட்டு வெளியே வரவே இல்லை. கெஞ்சினால் எரிந்து விழுந்தார். அப்புறம்தான் மருமகள் இந்த டப்பாவை ஆரம்பித்தாள். ஊசி உண்டா இல்லையா என்பது வரும் வெள்ளிக்கிழமை தெரிந்துவிடும்.

மகள் அதுவரை பொறுக்கவில்லை. சித்தி, அத்தை, பெரியப்பா என்று ஒருவர் விடாமல் போன் போட்டாள். "எங்கப்பாவ முயலாக்கிட்டாங்க!" இரண்டே நாளில் உறவு முழுக்க அண்ணியின் பெயர் நாறியது.  அண்ணி தன் பாட்டுக்குக் காய் நறுக்கினாள்.

வியாழக்கிழமை நாலு மணிக்கு மகளுக்கு மனசு கேட்கவில்லை. ஒரு கேரியரில் சூடாகச் சாப்பாடு எடுத்துக்கொண்டு, அப்பாவின் பின்னாலேயே கிளம்பினாள்.

அப்பா நடந்தார். தபால் ஆபீஸ் தாண்டி, பாலம் ஏறி இறங்கி, மரக்கடை வரைக்கும் விடுவிடுவென்று நடந்தார். மகளுக்கு மூச்சு வாங்கியது.

மரக்கடைக்குப் பின்னால் ஒரு கிடா கட்டியிருந்தது. அவரைக் கண்டதும் முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு கத்தியது.

"வந்துட்டேன்டா ராசா, வந்துட்டேன். பாலத்துல ஒரே கூட்டம்."

கேரட்டை ஒவ்வொரு துண்டாக ஊட்டினார்.

"பத்து நிமிஷமா உங்க வழியையே பார்த்துட்டிருந்தான் லிஃப்ட்காரரே" என்றார் மரக்கடைக்காரர். "இத உங்க தெருமுனைக் குப்பைத்தொட்டியில கொட்டினாப் போதாதா? தினம் இவ்ளோ தூரம் வரீங்களே!"

"அங்க கொட்டினா மருமககிட்ட போட்டுக் கொடுத்துடுவாங்கய்யா. அதுக்குப் பயந்துதான் மொதல்ல இங்க வந்தேன். இப்ப என்னடான்னா, இவனப் பார்க்காம இருக்க முடியல."

சொல்லிவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். அப்பா இப்படிச் சிரித்து மகள் பார்த்துப் பல வருஷம் ஆகியிருந்தது. ஆனால் அவள் புத்தி போனது வேறு பக்கம். 'அண்ணியோட இயற்கை உணவு வேஷம் கலைஞ்சுது, நல்லா மாட்டினாங்க!' கேரியரோடு பஸ் ஏறி வீடு திரும்பினாள். திரும்பி நடக்க அவளுக்குத் தெம்பில்லை.

வெள்ளிக்கிழமை டாக்டர் ரிப்போர்ட்டை இரண்டு தடவை பார்த்தார்.

"ஊசி வேண்டாம். சுகர் நல்லா இறங்கியிருக்கு. முகமே மாறிப்போச்சே, என்ன செஞ்சீங்க?"

அப்பா நெஞ்சை நிமிர்த்தினார். "எல்லாம் இயற்கை உணவு டாக்டர். வெறும் பச்சைக் காய். நாலே மாசம். கோபம்கூடக் குறைஞ்சுடுச்சு."

வெளியே காத்திருந்தவர்களுக்கும் கால் மணி நேரம் பிரசங்கம் செய்தார். ஒரு கேரட் துண்டை எத்தனை தடவை மெல்ல வேண்டும் என்றுகூடச் சொன்னார். தினமும் பக்கத்தில் நின்று பார்க்கிறவர் ஆயிற்றே.

வீட்டுக்கு வந்ததும் மகள் சமையலறைக் கதவைச் சாத்தினாள்.

"அண்ணி, உங்க டப்பாவுல ஒரு துண்டுகூட அப்பா வாயில போகல. அத்தனையும் மரக்கடை ஆட்டுக்கு! என் கண்ணால பார்த்தேன்."

அண்ணி நறுக்குவதை நிறுத்தவில்லை.

"தெரியும். அவர் சாப்பிடுவாருன்னுதான் நானும் ஆரம்பிச்சேன். மொத வாரமே மூடியில ஆட்டு முடி ஒட்டியிருந்துச்சு. ஒரு நாள் பின்னாலேயே போய்ப் பார்த்தேன். போக ரெண்டு கிலோமீட்டர், வர ரெண்டு கிலோமீட்டர். அன்னிக்கே பாகற்காயை நிறுத்திட்டேன். அந்தக் கிடா அதத் தொடமாட்டேங்குது."

மகள் சாத்திய கதவிலேயே சாய்ந்துகொண்டாள்.

"அப்ப நான் போன்ல பேசினதெல்லாம்..."

"காதுல விழுந்துச்சு. வலிக்கத்தான் செஞ்சுது. உண்மையச் சொல்லியிருந்தா மறுநாளே மாமா நடக்கிறத நிறுத்தியிருப்பாரே."

மகள் மன்னிப்புக் கேட்கவில்லை. அந்தப் பழக்கம் அவளுக்குக் கிடையாது. குரலை மட்டும் இறக்கினாள்.

"எங்க வீட்டுக்காரருக்கும் சுகர் எகிறுது அண்ணி. டப்பாவுல என்னென்ன போடணும்னு எழுதித் தாங்களேன்."

"எதையாவது போடு. மொதல்ல உங்க வீட்டுலேருந்து ரெண்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு ஆடு இருக்கான்னு பார்த்துக்க."